நாற்பது வீட்டு அரிசி

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஏழு பேர். நான் பெற்றது ஐந்து, என் தங்கை விட்டுப்போனது இரண்டு. ஏழில் ஒன்றையும் பசியோடு படுக்க விட்டதில்லை, அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நானே எழுத்துக்கூட்டி எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும் என்பதால், நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஆயிஷா எழுதுகிறாள்.

மண்கலயத்தில் ஒரு பிடி அரிசி விழுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தென்காசியில் எங்கள் தெருவில் அன்றைக்கு நாற்பது வீடு. எல்லா வீட்டிலும் உலை வைக்கும் முன்னே ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலைக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். அதற்குப் "பிடியரிசி" என்று பெயர். வெள்ளிக்கிழமை காலையில் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி, இல்லாதவர் வீட்டில் சேர்ப்பது என் வேலை. பத்து வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்கு உலகத்தில் இல்லை. "குடுத்துட்டு நின்னு பாக்காதட்டி, திரும்பி வந்துரு" என்று மட்டும் உம்மா சொல்லி அனுப்புவாள்.

அந்த வருடம் சாரல் தொடங்கின சமயம். பர்மாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, கடையும் வீடும் பறிபோய், கப்பலேறி வந்த ஒரு குடும்பம் எங்கள் தெருக்கோடியில் சும்மா கிடந்த தறிக்கூடத்தில் வந்து தங்கியது. மைமூன் என்று ஒரு பெண், அவளுடைய மாமியார், இரண்டு சின்னப் பிள்ளைகள். புருஷனை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று பேச்சு. பிடியரிசி இனி அவர்களுக்குத்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் உம்மா சொன்னதை மறந்து, கொடுத்துவிட்டு நின்று பார்த்தேன். மைமூன் அரிசியைச் "சுளவில்" கொட்டினாள். முறத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொட்டியவள் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி இரண்டு குவியலாக ஒதுக்கத் தொடங்கினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் சுமந்து வந்த அரிசியில் இவளுக்கு என்ன குறை? ஓட்டமாகப் போய்த் தெருக்கிணற்றடியில் நின்றேன்.

"சாச்சி, அந்தப் பர்மாக்காரி நம்ம அரிசியச் சுளவுல போட்டுப் பொறுக்குதா."

"கல்லு கிடந்திருக்கும்ட்டி" என்றாள் எதிர்வீட்டுச் சாச்சி.

"கல்லு இல்ல, அரிசிய. 'இதெல்லாம் மனுசர் திம்பாவளா'ன்னு கேட்டா."

அந்தக் கடைசி வார்த்தை நானாகச் சேர்த்தது. மைமூன் என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர வாயே திறக்கவில்லை.

"யா அல்லா! ரங்கூன்ல தங்கத் தட்டுலல்லா தின்னுருக்கா மகராசி! அப்ப அவளே வயல் வாங்கி அறுத்துத் திங்கட்டும்!" என்று சாச்சி வாளியை டங்கென்று வைத்தாள். கிணற்றடியே சிரித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் தர மாட்டேன் என்று நேராகச் சொல்லவில்லை. "இந்த வாரம் எங்களுக்கே பத்தலட்டி" என்றார்கள், ஒரு வீடு தப்பாமல். அதற்கடுத்த வாரம் சிலர் மனமிறங்கி, பெட்டியில் கால்வாசி சேர்ந்தது. அதைக் கொண்டுபோனால் தறிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மைமூன் மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, குற்றாலத்தில் ஒரு சீசன் சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாளாம்.

வண்டு விழுமுன்னே ஆக்கிவிடலாம் என்று உம்மா அந்த அரிசியை உலையில் போட்டாள். அது மைமூன் பங்கு என்று, அதே அளவுக்கு எங்கள் வீட்டு அரிசியை எடுத்துத் தனியே துணியில் முடிந்து வைத்த பிறகுதான் போட்டாள். பல வீட்டு அரிசி கலந்த சோறு இறங்கியபோது பச்சரிசி களியாகக் குழைந்திருந்தது, புழுங்கல் பாதி வெந்திருந்தது, சிவப்பரிசி வேகவே இல்லை. வாப்பா ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோய்த் துப்பினார். உம்மா சட்டியிலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்தக் கிழவிக்குப் பல்லு உண்டா?"

"இல்ல."

"அப்ப கிழவிக்குக் குழைய ஆக்கிக் குடுக்க, அவ பச்சரிசியத் தனியா, புழுங்கலத் தனியால்லா பிரிச்சிருக்கா."

மறுநாளே முடிப்போடு என்னையும் இழுத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி குற்றாலத்துக்கு நடந்தாள். கடைக்குப் பின்னால், தன் இடுப்புயர அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மைமூன். ஈரச் சாக்கின்மேல் கிழவியும் பிள்ளைகளும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுக்கு வா மைமூனு. நீ ஏன் பொறுக்குனேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா மனுசர் திம்பாவளான்னு கேட்டியாமே, அதத்தான் தெருவுல பொறுத்துக்கிட மாட்டேங்காவ."

மைமூன் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஆமா லாத்தா" என்றாள். "பசியில ஏதாவது சொல்லியிருப்பேன். சின்னப் புள்ள, கேட்டதத்தான் சொல்லியிருக்கும்."

நான் வாய் திறக்கவில்லை. அங்கேயும் இல்லை, திரும்பி வரும் வழியிலும் இல்லை. உம்மா கொண்டுபோன அரிசியை மைமூன் வாங்கிக்கொள்ளவும் இல்லை. "இங்கன ஒரே அரிசிச் சோறு லாத்தா, மாமி நல்லாத் திங்குதாவ" என்றாள். சீசன் முடிந்ததும் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி. உம்மா மௌத்தாகும்வரை மைமூன் சொன்னதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

தறிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது ஷட்டர் போட்ட கடை. கலயம் எந்த வீட்டிலும் இல்லை, கிணற்றையும் மூடியாயிற்று. போன வாரம், வடக்கே கலவரத்தில் வீட்டை விட்டு ஓடி முகாமில் கிடக்கிற குடும்பங்களுக்கென்று தெருவில் அரிசி சேர்த்தார்கள். எல்லோரும் கொண்டுவந்து ஒரே குவியலாகக் கொட்டுகிறார்கள். "ஏலே, பச்சரிசி தனி, புழுங்கல் தனியாக் கட்டுங்க" என்றேன். "அதெல்லாம் அங்கன போயிப் பிரிச்சுக்கிடுவாவ பெத்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் உட்கார்ந்து பிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சண்டை பிடிக்க மூச்சு இல்லை. என் வாசலில் இரண்டு சாக்கைத் தனித்தனியாக விரித்து வைத்திருக்கிறேன். எதற்கு இரண்டு என்று வருகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். அதற்குத்தான் இதை எழுதச் சொன்னேன்.

ஏட்டி ஆயிஷா, எழுதினது போதும். தெருக்கதவை நல்லாத் திறந்து வை. கிணற்றடியில் நான் சொன்னேனே, அந்த இடத்திலிருந்து வாசி. சத்தமாக வாசி.