பிஸ்டன் தள்ளிப் பிழைத்த காலம்

பிரேக் வேலை பார்க்கிறவனை வண்டி ஒழுங்காக நிற்கிற வரைக்கும் யாரும் நினைப்பதில்லை. நிற்காமல் போன அன்றைக்கு மட்டும் அப்பன் ஆத்தாளோடு சேர்த்து நினைப்பார்கள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் கணபதிப் பேட்டையில் அப்பாஸ் பாய் பட்டறையில் எட்டு வருஷம் எனக்கு இதுதான் பிழைப்பு. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்த சின்னக் கார்கள் கோயமுத்தூர் முழுக்க ஓட ஆரம்பித்திருந்த சமயம். அந்தப் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுக்கிப் பிடிக்கிற பேட் தேயத் தேய, அதை அழுத்துகிற பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதைப் பழையபடி உள்ளே தள்ளினால்தான் புதுப் பேட் நுழையும். தள்ளுவதற்கு என்னிடம் இருந்தது, வளைந்த இரும்பில் திருகு வைத்த ஒரு சி-கிளாம்ப். ஒரு முனையை, பிஸ்டன் உட்கார்ந்திருக்கும் காலிப்பரின் முதுகில் கொடுத்து, மறுமுனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் பழைய பேடை வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு நாலு வண்டி, எட்டுச் சக்கரம் என்று முறுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும். பட்டறையில் கை தேய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என் புலம்பலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபகாரம்

பீளமேட்டில் ஒரு கல்லூரி வாத்தியார். தன் காரைப் பற்றி நிறையப் படித்தவர். எது வந்தாலும் முதலில் தானே ஒரு கை பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் பட்டறைக்கு வருவார். அப்படி வந்தவரிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை ஆரம்பித்தது என் தப்பு.

பிஸ்டன் வெளியே வர வர, அதன் பின்னால் பிரேக் ஆயில் இறங்கும். அதனால் மேலே டப்பாவில் அளவு குறைந்த மாதிரி தெரியும். பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த ஆயில் தானாக மேலே ஏறிவிடும். இது தெரியாமல் அவர் டப்பாவைக் கழுத்து வரைக்கும் ரொப்பிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கீழே குனிந்து கிளாம்பை முறுக்க முறுக்க, மேலே டப்பா வழிந்து, பானெட்டுக்குப் பக்கத்துப் பெயிண்டெல்லாம் நனைந்துவிட்டது. பிரேக் ஆயில் பட்ட பெயிண்ட், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கையோடு வரும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்குள் ஒரு சாண் அகலத்துக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறக்குமுன் வாத்தியார் குனிந்து பார்த்தார். கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னார்: "உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னுதானுங்க நானே ஊத்திட்டு வந்தேன்."

மருந்து

நாலாவது வருஷம் வலது உள்ளங்கை வீங்கிக்கொண்டது. துருப்பிடித்த பிஸ்டன் சுலபத்தில் அசையாது. திருகின் கைப்பிடி உள்ளங்கையில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் வந்தது.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாசத்துக்கு எதையும் முறுக்கக் கூடாது, பிழியக் கூடாது, இறுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சீட்டு எழுதினார். என்ன தொழில் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டு அவர் கேட்டது இது: "வாசல்ல நிக்குதுங்களே வெள்ளை வண்டி, அது நம்முளுதுதானுங்க. பிரேக் புடிச்சா கிறீச்சுங்குது, போற வழியில ஒரு எட்டுப் பாத்துப்போட்டுப் போறீங்களா?"

சத்தம்

அன்னூர்ப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர். அவர் வண்டியில் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசி, தெருமுனையில் வரும்போதே ஊருக்குத் தெரியும். புதுப் பேட் போட்டு, கிளாம்பைத் துடைத்து வைத்து, நானே ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். பூனை மாதிரி நின்றது. மனதுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. இந்தத் தொழிலில் அது அடிக்கடி கிடைக்காது.

மூன்றாம் நாள் ஆள் திரும்ப வந்து நின்றார். முகம் சரியில்லை. என்ன குறை என்று கேட்டேன். "முன்னெல்லாம் நான் பிரேக் புடிச்சா மாடு கன்னெல்லாம் தானா ஒதுங்குமுங்க. இப்ப ஊரு பூரா ஹாரன் அடிச்சுட்டே போக வேண்டியிருக்குதுங்க."

டீச்சரின் சாவி

மரகதம் டீச்சருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். வீட்டுக்காரர் காலமான பிறகு, ஷெட்டில் நின்ற அவருடைய காரை ஓட்டக் கற்றுக்கொண்டவர். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. திங்கட்கிழமை விடிய மலையேறுவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவார். மலை வண்டிக்குப் பேட் சீக்கிரம் தேயும். வருஷத்துக்கு ரெண்டு தடவை என்னிடம் வந்துவிடுவார்.

அவருடைய கொழுந்தனார் பொன்னுசாமிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பொம்பளை தனியாக மலையில் வண்டி ஓட்டுவதாவது, காரை விற்றுவிட்டுப் பஸ்ஸில் போகட்டும் என்று வீட்டில் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். ஓட்டும்போது ஒரு தடவை எங்காவது மோதினாலும் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று டீச்சரும் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் ஒரு நாள் நான் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். எனக்குத் திருகு மேல் வைத்த கை கொஞ்சம் கனத்தது. கடைசியில் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பஸ்ஸுல போனா நான் டீச்சருங்க ராசு. இந்த வண்டியில போகையிலதான் நான் மரகதம்."

சந்தனம் வைத்த கிளாம்ப்

ஆயுத பூஜையன்று பட்டறையில் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. காலையிலேயே எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பலகையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். சாயங்காலம் பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் அப்பாஸ் பாய் ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே வாங்கிவந்து, உக்கடத்து வீட்டுக்குப் போகாமல் கடைசி வரை கூட நிற்பார்.

அந்த வருஷம் மத்தியானத்துக்கு மேல் டீச்சர் வண்டியோடு வந்தார். கூடவே பொன்னுசாமி, வெள்ளை வேட்டியில், கையில் எலுமிச்சம்பழப் பையோடு. வண்டிக்கும் பூஜை போட வேண்டும் என்றார்கள். வண்டி உள்ளே வரும்போதே சத்தம் கேட்டது. பேட் சுத்தமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. மறுநாள் விஜயதசமி, பள்ளிக்கூடத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க அவர் விடியவே மலையேற வேண்டும். இதே பேடோடு அனுப்பினால் இறங்கும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பலகையிலிருந்து கிளாம்பை எடுத்தேன். சந்தனம் ஈரம் காயவில்லை. வெல்டர் ஆறுமுகம் ஓடிவந்து கையைப் பிடித்தான். நான் விடவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிஸ்டனைத் தள்ளி, பேட் மாற்றி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்குகிற வரைக்கும் அவன் பின்னாலேயே நின்றான். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று அவன்தான் என்னை விரட்டினான். "கெளம்பு, மொதல்ல அதக் கழுவிக் கொண்டாந்து பொட்டு வெய்யி. சாமிய இத்தன நேரம் காக்க வெச்சது போதும்."

வாழைமரம்

கழுவப் போனேன். கிளாம்பைக் கழுவினேன், கையைக் கழுவினேன், சட்டை மாற்றினேன், பொட்டு வைத்தேன். சூடம் காட்டினார்கள். வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டீச்சர் வண்டியில் ஏறப் போனபோது பொன்னுசாமி தடுத்தார். பூஜை போட்ட வண்டியை முதலில் ஆம்பளை கைதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவரே சாவியை வாங்கி உட்கார்ந்தார்.

பழம் நசுங்கியது. வண்டி வாசல் சரிவில் இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வாசலில் கட்டிய வாழைமரத்தைச் சாய்த்து, கேட் தூணில் மோதித்தான் நின்றது. பொரித் தட்டோடு குறுக்கே வந்த பாய் துள்ளி விலகினார். பொரி முழுக்கப் பானெட் மேல் கொட்டியது. யாருக்கும் அடியில்லை. ஒரு ஹெட்லைட் உடைந்தது. எனக்கு மட்டும் காரணம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. பிஸ்டனை உள்ளே தள்ளிய வண்டியை நகர்த்துமுன், பெடலை நாலு தடவை மிதித்து, பிஸ்டனைத் திரும்பப் பேட் மேல் உட்கார வைக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த வண்டியில் பிரேக் என்று ஒன்று கிடையாது. எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மறக்காத காரியம். பொன்னுசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா அண்ணி. மலையில ஓட்டி ஓட்டி நீங்க வண்டியோட பிரேக்கையே கொன்னு வெச்சிருக்கறீங்க. வாக்கு வாக்குதானுங்க, இனி இது எங்கிட்ட இருக்கட்டும்."

யார் குற்றம்

டீச்சர் உடைந்த ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறுமுகம் என் காதில், சந்தனம் வைத்த கிளாம்பை எடுத்த சாமி குத்தம் என்று சொல்லிவிடச் சொன்னான். சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும். பட்டறையில் பிரேக் என்றால் ராசுதான் என்று எட்டு வருஷமாகச் சேர்த்த பேரும் அப்படியே இருந்திருக்கும். எனக்கு ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாமி மேல் போட்டாலும் சாவி பொன்னுசாமி பையில்தான் இருக்கும்.

"வண்டி மேல தப்பு இல்லீங்க, டீச்சர் மேலயும் இல்லீங்க" என்றேன். "பெடல மிதிச்சு வெக்காம நான் மறந்துபோட்டேனுங்க. யார் எடுத்திருந்தாலும் முட்டியிருக்குமுங்க." பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை. அப்புறம் பானெட்டில் கிடந்த பொரியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே, ஹெட்லைட்டும் தூணும் தன் பொறுப்பு என்று பொன்னுசாமியிடம் சொன்னார். பொன்னுசாமி வாயைத் திறக்கப் போனார். டீச்சர் அதற்குள் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார். பொன்னுசாமி என்ன நினைத்தாரோ, சாவியை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் வண்டியில் உட்கார்ந்து, எத்தனை தடவை என்று என்னைக் கேட்டு, நாலு தடவை மிதித்தார். நாலாவதில் பெடல் கல்லாட்டம் நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்து, அதே சரிவில் திரும்ப இறக்கி, தூணுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். "பின்னால ஏறிக்குங்க தம்பி. வாக்கு நான் ஓட்டி முட்டினாத்தானுங்க."

அப்புறம்

பாய் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாசம் பிரேக் வண்டி எதையும் என்னிடம் தரவில்லை. சைலன்சரும் கிளட்சும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கை வலி குறைந்தது, மனசு வலி குறையவில்லை. அடுத்த பேடுக்கு டீச்சர் வந்து, வேறு ஆள் வேண்டாம், ராசுதான் பார்க்க வேண்டும் என்று பாயிடம் சொன்ன பிறகுதான் கிளாம்ப் என் கைக்குத் திரும்ப வந்தது. அன்றைக்கு ஜாக்கியை இறக்கிவிட்டு, பெடலை மிதிக்கக் கதவைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். "மத்ததெல்லாம் நீங்க பாருங்க ராசு. மிதிக்கறத மட்டும் நானே மிதிச்சுக்கறேன்."

பட்டறையை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, நான் இப்போது பஸ்ஸில் போகிற ஆள்தான் என்றாலும், அது கிளம்புமுன் என் வலது கால் தரையை நாலு தடவை மிதித்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறது.