நெல்லிமர வளைவில் வந்த குரல்

வத்தல்மலையில் பூக்கும் சாமந்தியைத் தருமபுரிக்குக் கொண்டுபோவது சசிகலா அக்காவின் பிக்கப் வண்டிதான். எங்கள் ஊரில் வண்டி ஓட்டும் ஒரே பெண் அவர். ஊரே அதில் ஏறும், அவருடைய மாமனார் பச்சியப்பனைத் தவிர. "பொம்பள ஓட்டுற வண்டியில மல எறங்கறதா? எனக்கு பஸ்ஸு இருக்குது" என்பார். பஸ் வராத நாளில் வெயிலில் காத்துக் கிடப்பார், ஏற மாட்டார்.

அக்காவின் வண்டியில் ரேடியோ எப்போதும் பாடும். சாட்டிலைட் ரேடியோ என்றால் வானத்திலிருந்து நேராக இறங்குமாம், மலை அவ்வளவாக மறைக்காதாம். இது சாதாரண எஃப்.எம். பாறையை ஒட்டிய வளைவுகளில் வெறும் இரைச்சல்தான். நெல்லிமர வளைவு போலத் தருமபுரி தெரியும் வளைவு வந்ததும் பாட்டு திரும்ப வரும். எங்கே போகும், எங்கே வரும் என்பது அக்காவுக்குக் கியர் மாற்றுவது போலப் பழகிவிட்டது.

போன மாதம் வானொலியில் அக்காவைப் பேட்டி எடுத்தார்கள். வியாழக்கிழமை காலை ஒலிபரப்பு. "மாமா கேட்டே ஆவணும். அவருக்கு ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றார் என்னிடம். என்னவென்று மட்டும் சொல்லவில்லை.

அன்று ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. அக்கா ரேடியோவைப் போட்டார். கன்னடப் பாட்டு! எங்கள் ஊர் இருப்பது மலை உச்சியில். சில நாட்களில் கர்நாடக நிலையம் ஒன்று நம் நிலையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். செல்போனில் கேட்கலாமென்றால் டவர் இல்லை.

"ஏங்க மாமா, உங்க மருமவ கன்னடம் எப்பங்க கத்துக்கிச்சு?" என்றார் பக்கத்து வீட்டு மாதம்மாள்.

"எல்லாரும் ஏறுங்க. கீழ போனா நம்ம ஸ்டேஷன் வந்துடும்" என்றார் அக்கா.

நாங்கள் பூ மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டோம். பச்சியப்பன் மட்டும் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க பஸ்ஸுலயே வாங்க. மருமவ என்ன பேசுச்சுன்னு நாங்க கேட்டுட்டு வந்து சொல்றோம்" என்றார் மாதம்மாள்.

பச்சியப்பன் முன்கதவைத் திறந்தார். "நெல்லி மரம் வரைக்குந்தான். அங்க எறங்கிக்குவேன்."

இரண்டாவது வளைவில் அக்காவின் குரல் வந்தது. போனது, மறுபடி வந்தது. நெல்லிமர வளைவில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக நின்றது. அக்காவும் வண்டியை நிறுத்தினார். "உங்களுக்கு ஒரு ஆசை இருக்காமே? பாட்டு முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார் அறிவிப்பாளர். பாட்டு தொடங்கியது.

அதே நேரம் கீழேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தது. வழிவிட வேண்டுமானால், கொஞ்சம் கீழே பாறையோரம் இருந்த அகலமான இடத்தில்தான் ஒதுங்க முடியும். ஒதுங்கினோம். பாட்டு அறுந்தது. பஸ் ஆடி அசைந்து கடந்து போயிற்று. இதற்குக் கீழே மூன்று வளைவுகளுக்கு எதுவும் கேட்காது. வண்டியைத் திருப்பவும் இடமில்லை.

அக்கா ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

"பின்னாடியா? இந்த மலையிலயா? ஏம்மா, என்னை எறக்கி வுடு!"

"கம்பியப் புடிச்சிக்கங்க மாமா!"

ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. கண்ணாடியைப் பார்த்தபடியே, கோடு போட்டது போல வண்டியை மேலே ஏற்றினார். இரைச்சலுக்குள்ளிருந்து பாட்டின் கடைசி வரி எழும்பியது. நெல்லி மரம். பிரேக்.

"பெரிய ஆசையெல்லாம் இல்லீங்க" என்றது ரேடியோவில் அக்காவின் குரல். "எங்க மாமா ஒரே ஒரு தடவ என் வண்டியில ஏறணும். அவ்வளவுதான்."

எல்லோரும் முன்சீட்டையே பார்த்தோம்.

"அதான் ஏறி உக்காந்திருக்கேனே" என்று ரேடியோவைப் பார்த்துச் சொன்னார் பச்சியப்பன். "அதுவும் ரிவர்ஸுல!"

மாதம்மாள் விசிலடித்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நெல்லி மரம் வந்திடுச்சு மாமா. எறங்கறீங்களா?"

"தருமபுரிக்கே வுடு. டீ குடிச்சிட்டு வரலாம்."

அக்கா ஹாரனை நீளமாக அடித்தார். நாங்கள் போட்ட கூச்சலில், அடுத்த வளைவில் ரேடியோ அறுந்ததை யாருமே கவனிக்கவில்லை.