மாமனார் குறை சொல்லாத மீன்தொட்டி

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். இருபத்தேழு வருடங்களாக மோட்டார் பம்புகளுக்குக் கையேடு எழுதி வருகிறேன். பம்பு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரிக்காமலே பரண்மேல் போடுவீர்களே, அது நான் எழுதியது. கோயமுத்தூரில் என் அளவுக்கு அச்சில் ஏறியவர்கள் சிலர் இருக்கலாம். என் அளவுக்குப் படிக்கப்படாதவர்கள் இருக்க முடியாது.

எனவே போன வருடம் மாமனாரை எங்கள் பீளமேட்டு வீட்டில் நிறுத்திவைக்க ஒரு வழி வேண்டும் என்று மனைவி கேட்டபோது, மீன்தொட்டி என்று நான் சொன்னது ஒரு நிபுணரின் பதில்.

மாமனார் வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். அத்தை காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மோட்டார் அறைப் படியில் ஒருமுறை வழுக்கி விழுந்ததை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் சொல்லித்தான் தெரிந்தது. அன்று முதல் வெள்ளகோவிலில் இருந்து போன் வந்தால் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுப்பாள். கண்புரை அறுவைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும், இனி அவரை அனுப்புவதில்லை என்று அவள் தனக்குள் தீர்மானித்துக்கொண்டாள். அவரிடம் அதைச் சொல்ல முடியாது. மகள் வீட்டில் நாள்கணக்கில் இருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். “இங்கயே இருங்கப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏற்கெனவே தினமும் காலையில் காபியோடு, வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் பஸ் எத்தனை மணிக்கெல்லாம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவின் நுனியில்தான் உட்காருவார். குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மாப்பிள்ளையை ஒரு குறை சொல்லாதவர். கல்யாணமான புதிதில் அவருடைய மொபெட்டை வாய்க்காலுக்குள் இறக்கினேன். “வண்டி பழசுங்க மாப்ள, எப்படியும் மாத்தோணும்னுதான் இருந்தனுங்க” என்றார். இருபத்து நான்கு வருடங்களில் நான் செய்த எந்தக் காரியமும் அவர் வாயால் நன்றாக இல்லாமல் போனதில்லை. இந்த உலகத்தில் என்னை அப்படி மதிப்பிட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால், மரியாதைக்குச் சொல்கிறார் என்று நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

“அப்பா மறுபடி அங்க போயித் தனியா இருந்தா என்னால நிம்மதியா இருக்க முடியாதுங்க. ஏதாச்சும் பண்ணுங்க” என்றாள் மனைவி.

என் தர்க்கம் இப்படிப் போனது. வாழ்நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்த மனிதர். எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு நான்கு சுவரும் நானும். அவர் பஸ் நேரம் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? கூடத்தில் ஒரு சின்ன வயலை, தண்ணீருக்கு அடியில், வண்ண மீன்களோடு வைத்துவிட்டால் ஆள் நகர மாட்டார்.

செலவு மட்டும் கையைக் கடிக்கக் கூடாது என்று மனைவி நிபந்தனை போட்டாள். சந்துக்குள் இருக்கும் மீன்கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியதே பாக்கெட்டில் வரும் வெளிநாட்டு மண். மாப்பிள்ளை காசு கொடுத்து மண் வாங்கினார் என்பது தெரிந்தால் என் மாமனார் அடுத்த பஸ் அல்ல, கிடைத்த லாரியில் ஏறிவிடுவார். பக்கத்துக் காலி மனையில் இருந்து செம்மண் எடுத்து மாவு சல்லடையில் சலித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புது மாவு சல்லடை. அடுத்த தெருவில் வீடு கட்டி மிஞ்சிக் கிடந்த ஆற்று மணலைக் கேட்டு வாங்கி, கழுவின தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினேன். அடியில் செம்மண் ஒரு அங்குலம், அதை மூடி மணல் ஒன்றரை அங்குலம். தொட்டி, பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஒரு மென்பொருள் பையன் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் புதையல் பெட்டியைத் திறந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடும் இருந்தது. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெளிச்சத்துக்குச் சமையலறையில் மாற்றிய பழைய எல்இடி ட்யூப்.

செடிகளில்தான் என் திறமை முழுதும் வெளிப்பட்டது. அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவருக்குக் கோபிசெட்டிபாளையத்தில் வயல். அந்த ஊர் வாய்க்காலில் மலிந்து கிடப்பதைத்தான் இங்கே கடையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அவர் ஒரு திங்கட்கிழமை காலை டிபன் கேரியரின் நான்கு அடுக்கிலும் செடி கொண்டுவந்தார். வேலம்பாசி, வெங்காயத் தாள் போல நீண்ட நாடா இலை, வரப்போரத்து ஈரத்தில் முளைக்கும் சிவந்த தண்டுக் கொடி. அன்று மதியம் அவர் கேண்டீனில் சாப்பிட்டார்.

உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், சிவப்பை நட்ட நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி. தண்டை இடுக்கியால் பிடித்து மணலுக்குள் சாய்வாகச் சொருக வேண்டும். நேராகச் சொருகினால் மிதந்து வந்துவிடும். நான் சொருகச் சொருக மாமனார் சோபா நுனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்று நட்டே முதுகு வளைந்தவர். நான் ஒரு செடியை நான்கு தடவை நட்டதைப் பார்த்தும் “ரொம்பப் பாங்கா வெக்கறீங்க மாப்ள” என்றார்.

பிறகு தண்ணீர். எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்று சிறுவாணி ஆற்றுக் குடிநீர். சில நாளைக்கு ஒருமுறை வரும், டிரம்மில் பிடித்து வைப்போம். மற்றது போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும்போது எங்கள் ஊர்க்காரர்கள் இனிப்புக்குப் பதில் சிறுவாணித் தண்ணீரையே பாட்டிலில் கொண்டுபோவார்கள். வீட்டுக்கு வந்த மீனுக்கு உப்புத் தண்ணீரைக் கொடுப்பதா? குடம் குடமாகச் சிறுவாணியை ஊற்றினேன். மருந்து வாடை போக ஒருநாள் திறந்து வைத்த தண்ணீர்தான். அதெல்லாம் எனக்குத் தெரியும். மாமனார் அப்போது வாயைத் திறந்தார். திறந்துவிட்டு, “நல்ல மனசுங்க மாப்ள உங்குளுக்கு” என்று மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் செடிகளை மட்டும் வைத்துக் காத்திருந்து, பிறகு ஆறு கப்பியும் நான்கு கறுப்பு மாலியும் வாங்கிவந்து விட்டேன். கப்பி என்பது கட்டைவிரல் நகம் அளவு உடம்பும் அதைவிடப் பெரிய வண்ண வாலும் கொண்ட மீன். முதல் நாள் தொட்டி திருவிழாப் போல இருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் வாலை மடக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே குளிரில் நிற்பவர்கள் மாதிரி ஆடின. ஐந்தாம் நாள் ஒரு மாலி மிதந்தது. நாடா இலைகள் கண்ணாடி போல வெளிறிக் கரைந்தன. நான் பார்த்த அத்தனை வீடியோக்களிலும் ‘தண்ணீரை மாற்று’ என்றுதான் சொன்னார்கள். மாற்றினேன், மேலும் சிறுவாணி. குடிக்கக் காய்ச்சுவதற்குத் தண்ணீர் இல்லாமல் மனைவி டிரம்மைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆறு கப்பியில் இரண்டும் போயின. காலை காபியோடு மட்டும் பஸ் நேரம் சொல்லிவந்த மாமனார், மாலை காபியோடும் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த புதன்கிழமை கண் டாக்டரிடம் காட்டிவிட்டு நேராகக் கிளம்புவதாகச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை வந்தது. கண் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். மாமனார் இன்னும் ரெண்டு நாள் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். எதைப் பார்த்துவிட்டு என்று சொல்லவில்லை.

ரெண்டு நாள் இரண்டு வாரமானது. அதற்குள் மீன்கள் வாலை விரித்தன. நாடா இலைக்குக் குருத்து விட்டது. ஒரு காலை, செடிகளுக்கிடையில் கண்ணும் வாலும் மட்டுமாக ஏழெட்டுக் குஞ்சுகள். நான் நிமிர்ந்து நடந்தேன். மீன்கடைக்காரருக்கு மீன் வளர்ப்பு பற்றி அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், வியாபாரி. அலுவலகத்தில் ‘குறைந்த செலவில் வண்ண மீன்தொட்டி’ என்று நான்கு பக்கக் கையேடு ஒன்றை எழுதி முடித்தேன். எச்சரிக்கைகள் எல்லாம் தடித்த எழுத்தில். ‘உப்புத் தண்ணீரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்’ என்பது முதல் எச்சரிக்கை.

ஒரு வெள்ளிக்கிழமை தலைவலி என்று மதியமே வீடு திரும்பினேன். கதவு திறந்தே இருந்தது. மாமனார் தொட்டி முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் ஒரு தட்டு. மண் கலங்காமல் இருக்கத் தட்டைத் தண்ணீரின் மட்டத்தில் பிடித்து அதன்மேல் நூல் போல ஊற்றிக்கொண்டிருந்தார். கீழே வாளி. வாளியின் உட்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. போர் தண்ணீர் வாளி.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வெளியே வந்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் போய்விடுவார் என்பது மட்டும் அந்தத் தலைவலியிலும் தெளிவாகப் புரிந்தது. பேக்கரியில் இரண்டு டீ குடித்துவிட்டு, வரும்போது கேட்டைத் தேவைக்கு மேல் சத்தமாகத் திறந்தேன். அவர் சோபா நுனியில் இருந்தார். “மீனெல்லாம் உங்க கைராசிக்கு நல்லா இருக்குதுங்க மாப்ள” என்றார்.

மனைவியிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னேன். அவளுக்கு முதல் நாளில் இருந்தே தெரியும்.

“அப்பா கடைக்கே போயி விசாரிச்சாருங்க. அந்த மீனெல்லாம் அங்க போர் தண்ணியிலயே பொறந்து வளந்ததாமா. சந்தையில மாடு புடிச்சாந்தாக் கூட, தண்ணி மாறினா மூணு நாளைக்குத் தீனி எடுக்காதுன்னாரு. டக்குனு மாத்தக்கூடாதுன்னு தினமும் நாலே நாலு சொம்பு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?”

“‘மாப்ள கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, சங்கடப்படுவாரு’ன்னாரு” என்றாள். பிறகு, “நாலு சொம்பு ஊத்தோணுமேன்னுதாங்க இருக்கறாரு. நீங்க பாட்டுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே இருங்க. உங்குளுக்கு அது வரும்” என்றாள்.

அப்படியே இருந்தேன். கையேட்டின் முதல் எச்சரிக்கையை மட்டும் அடித்துவிட்டு, ‘மீன் பிறந்த தண்ணீரை விசாரிக்கவும்’ என்று மாற்றினேன்.

அடுத்த மாதம் ஊரில் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாமனார் பையை முழுவதும் கட்டினார். கண் மருந்து, வேட்டிகள், சீப்பு, எல்லாம். மூன்று நாளில் வருவதாகவும் சொல்லவில்லை, வராமல் இருப்பதாகவும் சொல்லவில்லை. “வாரனுங்க மாப்ள” என்றார். எங்கள் பக்கம் ஒரேயடியாகப் போகிறவர்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். கிளம்பும்போது தொட்டியை இருபுறமும் இருந்து பார்த்தார்.

முதல் நாள் சாயந்திரமே மனைவி சொம்பைக் கையில் எடுத்தாள். நான் தடுத்தேன். நாமே ஊற்றினால் அவர் எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். மீன் செத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றாள். சாகாது, அது தாங்கும், நான் கணக்குப் போட்டுவிட்டேன் என்றேன். இதே குரலில்தான் சிறுவாணியை ஊற்றினேன் என்பது எங்கள் இருவருக்குமே ஞாபகம் இருந்தது. வெயில் காலம். மின்விசிறிக்குக் கீழே தொட்டி. தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு, மறுநாள் அதற்குக் கீழே இன்னொரு கோடு. மூன்றாம் நாள் கல்யாணம் முடிந்துவிட்டதாக யாரோ போனில் சொன்னார்கள். நான்காம் நாள் அவர் தோட்டத்தில்தான் இருப்பதாகத் தகவல். அன்று மனைவி சாப்பிடவில்லை. தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டில் எதைக் காலி செய்வது என்று யோசிப்பது போல இருந்தது. என் நம்பிக்கையும் கிட்டத்தட்ட ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மாமனார் பையோடு உள்ளே வந்தார். நேராகத் தொட்டிக்குப் போனார். குனிந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க மாப்ள, இப்படியா போட்டு வெப்பீங்க? தண்ணி ரெண்டு வெரக்கடை எறங்கிக் கெடக்குது. ஆறு நாளா ஒரு சொம்பு ஊத்த முடியலைங்களா?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இருபத்து நான்கு வருடங்களில் முதல் தடவை.

“மறந்து போச்சுங்க மாமா” என்றேன்.

“மறக்கறதுக்கு இது என்னங்க, குடையா? அந்த லைட்டையும் நாள் பூராம் எரிய உட்டிருக்கறீங்க. பாசி புடிச்சுப் போச்சு பாருங்க. அந்தச் செவப்புச் செடிய இன்னும் நல்லாச் சாச்சு நடோணும்ங்க, நீங்க தொரட்டுக்கோலு மாதிரி நட்டிருக்கறீங்க. நானும் அன்னிக்கே சொல்லலாம்னுதான் இருந்தனுங்க.”

மனைவி காபியோடு வந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த வீட்டில் காபி எப்போதுமே தண்ணீராகத்தான் இருக்கிறது என்றார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மேலே பார்த்து, இந்த மின்விசிறி கிரீச்சிடுவது யார் காதிலும் விழவில்லையா என்று கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க மாமா” என்றேன். மனைவி அவர் பையை எடுத்துக்கொண்டுபோய், வேட்டிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். அவர் அதைத் திரும்பிப் பார்த்தார்.

“மேல வெக்காத கண்ணு” என்றார். “கீழ்த்தட்டுல வெய்யி. தெனமும் கைய ஒசத்தி எடுக்கச் செரமம்.”