பேனருக்கு ஏற்ற வெளிச்சம்

கலியாணப் படங்களுக்கு ஒரு லைட் வாங்கலாமென்று இன்று கண்டி டவுனில் ஒரு கமராக் கடைக்குப் போயிருந்தேன்.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒருவர், வட்ட லைட்டையும் துணி மூடிய பெட்டி லைட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படமெடுப்பவன் என்று கடைக்காரர் சொன்னதும் என்னிடம் திரும்பினார்.

"மூஞ்சி வீக்கம் தெரியாம எடுக்க எதுங்க நல்லது?"

"யாருக்கு?"

"அண்ணனுக்குங்க. கிட்னி ரெண்டும் போயிருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

படம் எதற்கென்று நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"அம்மா செத்தப்ப அடையாள அட்டைப் படத்தப் பெருசாக்கித்தான் பேனர் அடிச்சோம். பாத்தவங்க எல்லாம் செத்தது யாருன்னு கேட்டாங்க. அண்ணனுக்கு அப்படி ஆகக்கூடாதுங்க."

பெட்டி லைட்டைப் பக்கவாட்டில் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னேன். ஒரு கன்னம் நிழலில் போனால் வீக்கம் அவ்வளவாகத் தெரியாது.

செய்து காட்டச் சொன்னார். கடைக்காரர் லைட்டைப் போட, நானே கதிரையில் உட்கார்ந்தேன். அவர் தன் போனில் என்னை எடுத்து, வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அருமையா வந்திருக்குங்க. அப்படியே பேனருக்குப் போடலாம்."

லைட்டையும் என் நம்பரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் எதுவும் வாங்காமல் பஸ் ஏறினேன்.

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பொய் சொல்லக்கூடாது, என்னை யாரும் இவ்வளவு நன்றாக எடுத்ததில்லை.

புரொபைலில் போடவா, இல்லை வீட்டில் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லவா?