அஃப்ஷான் ஒரிஜினலைத் தொடமாட்டாள்

ஸ்பூனால் மிக்சர் தின்றுகொண்டே, "மொதல்ல ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்கிறாள் அஃப்ஷான். எதிரே நிற்கும் ஆள் அதற்குள் போனைத் திறந்து, "அந்த மெசேஜ் இங்கதான் மேடம் இருந்துச்சு" என்று விரலால் தள்ள ஆரம்பித்திருப்பார். ஸ்பூன் தட்டில் விழும். "கைய எடுங்க. நீங்க தேடத் தேட உள்ள மாறிக்கினே இருக்கும்." எண்ணெய் விரலில் ஒட்டி, விரல் அடுத்தவர் போனில் ஒட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஸ்பூன். பஜ்ஜியையும் அப்படியேதான் குத்தித் தின்கிறாள். பார்க்கிற நமக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் என் மருந்துக் கடை இருக்கிறது. மாடி அறை அவளுடைய ஆபீஸ். போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதை, அழித்ததையும் சேர்த்து, கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும் விதத்தில் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். அதற்கென்றே படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் இதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவள். ஊர்க்காரர்கள் செல் ரிப்பேர் கடை என்று நினைத்து, உடைந்த டிஸ்ப்ளேயோடு படி ஏறுகிறார்கள். "நான் டாக்டர் இல்ல, போஸ்ட்மார்ட்டம் பண்றவ" என்று கீழே அனுப்பிவிடுகிறாள்.

எந்தப் போனையும் ஆராய்வதற்கு முன்னால், வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அவள் வைத்திருக்கும் சட்டம். அதற்குத்தான் நான். "மெடிக்கல் அண்ணே, செத்த மேல வாங்க" என்று குரல் வந்தால், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஏறுவேன். போனைத் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பாள். உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, ஒரிஜினலை உறையில் போட்டு சீல் வைத்து, என் கையெழுத்தை வாங்குவாள். அதற்கப்புறம் காப்பியில்தான் தேடுவாள். வக்கீல்கள் கதை சொல்ல வாயெடுத்தால் தடுத்துவிடுவாள். "யாரு நல்லவங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க சார். தெரிஞ்சா என் கண்ணு அந்தப் பக்கமே போவும்."

போன மாதம் வந்த போன் அறிவுமதியினுடையது. அது நான் வைத்த பெயர். வக்கீல், குமாஸ்தா பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். அனந்தபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். புருஷன் அடித்ததற்குக் கேஸ் போட்டிருந்தார். முதுகிலும் தோளிலும் இருந்த காயங்களைத் தங்கையை விட்டு நாலு படம் எடுத்து, வக்கீல் தாண்டவராயனுக்கு மட்டும் அனுப்பியிருந்தார். கேஸ் விசாரணைக்கு வருவதற்குள், அந்த முதுகு புருஷனுடைய ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டாக வந்துவிட்டது. அங்கிருந்து பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குரூப்புக்கும் வந்தது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும். அனுப்பியவனை யாரும் தேடவில்லை. "அனுதாபம் தேட அவளே போட்டுட்டா" என்றது புருஷன் வீடு. நீ போடவில்லை என்று நிரூபித்துவிட்டு வா, அதுவரை வகுப்புக்கு வராதே என்றது பள்ளி. பெற்ற அப்பாவே, "ஏன்டி இந்தக் கண்றாவிய போன்ல வெச்ச?" என்றாராம். அடித்தவன் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அடி வாங்கியவர், வேலையும் நின்று, ஊர் ஊராகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாண்டவராயன் அவரை மாடிக்கு அழைத்து வந்தபோதே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் வந்தார். "இவ போன்ல இருந்துதான்மா போயிருக்கணும். இல்லன்னா யாராவது ஹேக் பண்ணிருக்கணும். ஒரு ரிப்போர்ட் குடுத்துடு." அறிவுமதி கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அஃப்ஷான் காப்பியைப் பார்த்தாள். குரூப்பில் சுற்றியதையும் பார்த்தாள். "அண்ணே, நீங்களே பாருங்க" என்று, காயங்களை மறைத்து ஓரத்தை மட்டும் எனக்குக் காட்டினாள். போனில் இருந்தது நாலு தனித்தனிப் படம். குரூப்பில் வந்தது ஒரே பக்கம். நாலையும் சின்னதாக்கி, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, ஒரு தாளுக்குள் அடுக்கியிருந்தது. அப்படி ஒரு பக்கம் அறிவுமதியின் போனில் இருந்ததும் இல்லை, அழித்ததும் இல்லை.

"இது பிரிண்ட் போட செட் பண்ண பக்கம். எங்க சார் பிரிண்ட் போட்டீங்க?"

தாண்டவராயன் கூட வந்திருந்த குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா துரைக்கண்ணு கூசாமல் சொன்னார். "கோர்ட்டு எதிர்ல ஜெராக்ஸ் கடைதான். வாட்ஸ்அப்ல தட்டி வுட்டா போட்டு வெப்பான். எல்லா வக்கீலும் அங்கதானே அனுப்புறாங்க."

எல்லாரும் போனோம். ராஜகிரிக் கோட்டைப் பாறையின் சூடு தெருவுக்கே இறங்கியிருந்த மத்தியானம். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தது. கடையின் வாட்ஸ்அப் அதில் காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது. கடைக்காரர் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வருகிறவர்கள் தாங்களே உட்கார்ந்து, தங்கள் ஃபைலைத் தாங்களே தேடி எடுக்கிறார்கள். "எனக்கு ஏது மேடம் நேரம்? அவங்கவங்க ஃபைலு அவங்கவங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். திரையில் ஒருவருடைய கிரயப் பத்திரம். அதன்கீழ் யாரோ ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், யாருடைய விவாகரத்து மனுவோ, வரிசையாக ஆதார் அட்டைகள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. முப்பது வருஷமாக மருந்து விற்கிறேன். எந்த வீட்டுக்கு எந்த மாத்திரை போகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொன்னதில்லை. வக்கீலை நம்பித்தானே மனுஷர்கள் தங்கள் வீட்டு அவமானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்? அதைத் தெருவில் கொட்டிவிட்டு, கட்சிக்காரியையே குற்றவாளி ஆக்குவதற்கு இவர்களுக்கு எப்படி மனசு வருகிறது?

அஃப்ஷான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைக்காரரையே உட்காரவைத்து, அவரையே திறக்கச் சொன்னாள். அந்த நாலு படப் பக்கம் அங்கே இருந்தது. பிரிண்ட் போட்ட அன்றே, கடை வாட்ஸ்அப்பிலிருந்து அது ஒரு நம்பருக்குப் போயிருந்தது. நம்பரைப் பார்த்ததும் அறிவுமதி சொல்லிவிட்டார். "அவரோட சித்தப்பா பையன்." அதே நம்பரிலிருந்து அன்று ஒரு ரேஷன் கார்டும் வந்திருந்தது. அதைப் பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில், தன் ஃபைலைத் தேடும்போது அண்ணி பெயர் போட்ட ஃபைலில் அவர் முதுகைக் கண்டு, தனக்கே அனுப்பிக்கொண்டு போயிருக்கிறான்.

கடைக்காரர் அவசரமாக மவுஸைப் பிடித்தார். "எல்லாத்தையும் அழிச்சிடறேன் மேடம்."

"ஒண்ணையும் அழிக்காதீங்க. அழிச்சா இவங்க சொல்றத எவன் நம்புவான்?" என்று, அவர் சம்மதத்தை எழுதி வாங்கி, அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததையும் காப்பி எடுத்துக்கொண்டாள்.

அறிக்கை வாங்க வந்த அன்று தாண்டவராயன் குரல் இறங்கியிருந்தது. அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அறிவுமதி அன்றைக்கும் கதவோரம்தான் நின்றார்.

"ஏம்மா, போன்ல இருந்து போவலன்னு மட்டும் எழுதிடு. போதும். அந்தப் பையன் பேர வேணா போட்டுக்கோ. நடுவுல என் ஆபீஸ் எதுக்கு? பார் அசோசியேஷன்ல எனக்குன்னு ஒரு பேரு இருக்குது."

"அவங்களுக்குப் பேரு இல்லியா சார்?"

"புரியாம பேசாத. உனக்குக் கேஸ் குடுக்கறதே நாங்கதான்."

"குடுங்க, குடுக்காம போங்க. ஆபீஸ எடுத்துட்டா, படம் கடைக்கு எப்படி வந்துச்சுன்னு அந்தப் பக்கத்து வக்கீல் கேப்பாரு. மறுபடியும் இவங்கதான் அனுப்பினாங்கன்னு ஆவும். ஒங்க பேரக் காப்பாத்த இவங்க தலைய அடகு வெக்கச் சொல்றீங்க. நான் மாட்டேன்."

அவளுடைய பிரிண்டர் தாள்களைத் தள்ளி முடித்தது. தாண்டவராயன் வழக்கமான தோரணையில் கையை நீட்டினார். அஃப்ஷான் அந்தக் கையைத் தாண்டிப் போய், தாள்களை அறிவுமதியிடம் கொடுத்தாள். தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். மொதல்ல நீங்க படிங்க. ஸ்கூலுக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணு, ரெண்டு காப்பியிலயும் கையெழுத்து போட்டிருக்கேன்."

அறிவுமதி உட்கார்ந்தார். முதல் தாளைப் படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது. என்னதான் எழுதியிருக்கிறது என்று தாண்டவராயன் எழுந்து எட்டிப் பார்த்தார். அஃப்ஷான் நகர்ந்து வந்து, படிக்கிறவருக்கும் அவருக்கும் குறுக்கே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.