சொல்லாமல் விட்ட ஒப்பரேஷன்

கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்காக விசா மெடிக்கல் செய்தேன். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் உருண்டைப் புள்ளிகள். எனக்கு இருமல்கூட இல்லை.

“முந்தி ஏதும் ஒப்பரேஷன் செய்தனீங்களோ?” என்று நெஞ்சு டொக்டர் என்னைத்தான் கேட்டார். கணவர் முந்திக்கொண்டு, “ஒண்டுமில்லை டொக்டர்” என்றார். நானும் திருத்தவில்லை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்த கதையை எங்கள் வீட்டில் ஆண்களுக்கு முன்னால் யாரும் கதைப்பதில்லை.

எங்கேயோ இருக்கும் புற்றுநோய் பரவியிருக்கலாம் என்று ஸ்கான் மேல் ஸ்கானாகத் தேடினார்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள்.

நெஞ்சில் ஊசி குத்திச் சதை எடுக்கும் அன்று கணவர் வெளியே நின்றார். நேர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். “ஓம் மிஸ், கட்டி எண்டு கர்ப்பப்பையை எடுத்தவை” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார்.

நெஞ்சில் எடுத்த சதையைப் பழைய கட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான். புற்றுநோய் இல்லை. கர்ப்பப்பைக் கட்டி அபூர்வமாக நுரையீரலுக்கும் போகுமாம்.

இப்போது டொக்டரின் அறைக்குள் தனியாகப் போகிறேன். கேட்க முன்னமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். போன ஸ்கானில் ஒரு புள்ளி பெருத்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும், ஆண்கள் நிறைய உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து கணவர், “என்னவாம்?” என்றார்.

“கர்ப்பப்பையில இருந்த கட்டிதான், நெஞ்சுக்குள்ள வளருதாம்” என்று சத்தமாகவே சொன்னேன்.