திருகாணி இல்லாத வேலி

வேலி போடுவதற்கு முன்னால் நிலத்தைத் தயார் செய்கிற வேலையில் எங்கள் பெரியம்மாவை அடித்துக்கொள்ள இந்தப் பூமியில் ஆள் கிடையாது. இரண்டு நாடுகள் எல்லை பிரிக்க வேண்டுமென்றால்கூட முதலில் அவரிடம் வந்து கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டு போக வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் படுக்கை விரிப்பு மடித்த கை அது. ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் பெரியம்மாவுக்குச் சோறு இறங்காது.

வேலி பெரியப்பாவுக்காக. அவர் குழாய் வேலை செய்தவர். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. மறதி வந்த பிறகு, விட்டதையே மறந்துவிட்டார். காலை ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரியம்மா கதவைப் பூட்டிப் பார்த்தார். பெரியப்பா பூட்டைத் தொடவே இல்லை. கீல்களைக் கழற்றி, கதவைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பெரிய ரோட்டின் நடுவிலிருந்து அவரைக் கூட்டிவந்த லாரிக்காரர், பெரியம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். ஸ்பேனரை ஒளித்து வைத்தால் பெரியப்பா தேடித் தேடி அழுதார். திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் வேலிக்காரரிடம் பெரியம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "எல்லாம் வெல்டிங்கா இருக்கணும். ஒரு திருகாணிகூட இருக்கக் கூடாது."

வேலிக்காரர் தன் பங்குக்கு நாலு நிபந்தனை போட்டார். "கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மூணடி சுத்தமா இருக்கணும். பழைய தூணப் பிடுங்கிடுங்க. எட்டடிக்கு ஒரு முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டி வைங்க. கயிறு இல்லாம நான் குழி போட மாட்டேன். அப்புறம், தண்ணிக் குழாய் எங்க போகுதுன்னு குறிச்சு வைங்க. ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல."

பெரியம்மாவுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். காலையெல்லாம் புதர் வெட்டினார், முளைக்குச்சி அடித்தார். நான் பெயருக்குக் கடப்பாரை பிடித்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஜெயில் கட்டுறீங்களா?"

"ஆமா தம்பி. நானும் உள்ளதான் இருக்கப்போறேன். பாக்க வர்றப்ப பிஸ்கட் வாங்கிட்டு வா."

தையல்காரர் தலையை இழுத்துக்கொண்டார். பெரியம்மா சிரிக்கவில்லை.

குழாய்தான் சிக்கல். புதைத்தது பெரியப்பா. அவரோ என்னைப் பார்த்தாலே "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்கிறவர். அவரிடம் போய் இதைக் கேட்பதா என்று நினைத்தேன். பெரியம்மா கேட்டார். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயடியிலிருந்து நேராக நடந்தார்.

"இங்க ரெண்டடி ஆழம். இங்க ஒரு எல்போ, வளைஞ்சு போகுது. இந்த எடத்துல கடப்பாரை போடாதீங்க."

பெரியம்மா பின்னாலேயே சுண்ணாம்புத் தூள் போட்டுக்கொண்டு போனார். நான் நம்பாமல் ஓரிடத்தில் மெதுவாகத் தோண்டிப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்திலேயே எல்போ இருந்தது.

முடித்ததும் பெரியப்பா கையைத் தட்டிக்கொண்டார். "யார் வீட்டு வேலிம்மா இது?"

"நம்ம வீட்டுதுங்க."

"நல்லா போடுங்க. எனக்கு மட்டும் ஒரு ஆள் போற அளவுக்கு வழி விட்ருங்க. காலைல வேலைக்குப் போகணும்."

"சரிங்க" என்றார் பெரியம்மா. சுண்ணாம்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "தூசி" என்றார் என்னிடம். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பெரியம்மா ஷிப்டுக்குப் போனதும், பெரியப்பா கேட்ட வழி அடைபட வேண்டாமென்று பதினேழு முளைக்குச்சியையும் பிடுங்கி, கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டுப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளினேன். மறுநாள் வேலிக்காரர் வந்தார், கயிறு இல்லை, முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். "நாய் இழுத்துப் போட்டிருக்கு பெரியம்மா" என்றேன். அவர் மறுபடி முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். வேலிக்காரர் அடுத்து வருவதற்குள் மறுபடி பிடுங்கினேன். அந்த நாய்க்கு இன்னும் கொஞ்சம் கெட்ட பெயர்.

ஒன்பதாம் நாள் காலை, பெரியம்மா அடுப்படியில் இருந்த நேரத்தில், கீலைக் கழற்றிவிட்டுப் பெரியப்பா போய்விட்டார். ஒரு பைக் இடித்து முழங்கையில் ஆறு தையல். கட்டோடு வந்து உட்கார்ந்தவர், "வேலைன்னா இதெல்லாம் இருக்கும்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

பெரியம்மா அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. வெளியே வந்தார். ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் படிக்கட்டுக்குக் கீழே கிடந்த கயிற்றுச் சுருள்.

"ஏன்டா வாலு, எந்த நாய்டா இது? கயித்த எட்டு மாதிரி சுத்தி நடுவுல முடிச்சு போட்டு வெச்சிருக்கு. படிச்ச நாயா?"

நான் படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன்.

"மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். வேலிக்காரர் திரும்பிப் போன ரெண்டு தடவையும் எனக்கு நிம்மதியாதான் இருந்துச்சு." சுத்தியலை என் கையில் திணித்தார். "நீயே அடி. இன்னொரு தடவை பிடுங்காதடா. பிடுங்கினா நான் மறுபடியும் விட்டுடுவேன்."